வலது பக்கத்தில் எழுதாத மாத்திரை

ஜூன் 12, புதன்

இந்த நோட்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அட்டையில் அவர் பெயர் இல்லை. 41 என்று எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். வலது பக்கம் முழுக்கக் கட்டம். என்ன சாப்பிட்டார், எத்தனை முறை வெளிக்குப் போனார், எப்படிப் போனது, காய்ச்சல் உண்டா, ஆஸ்பத்திரி கொடுக்காத மாத்திரை ஏதாவது விழுங்கினாரா. இடது பக்கம் காலி.

"இது எதுக்குங்க சும்மா கெடக்குது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஏதாவது தோணினா எழுதிக்குங்க பாட்டி, அந்தப் பக்கத்தை நாங்க படிக்க மாட்டோம்" என்றாள் அந்தப் பெண். நஸீமா என்று பெயர். நோயாளிகளின் சாப்பாட்டைப் பார்க்கிற வேலை. எனக்கு வயது அறுபத்திரண்டுதான். பேத்தி இருந்தாலும் அவளுக்கு நான் பாட்டி இல்லை. இதை மறக்க மாட்டேன்.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. நுரையீரலுக்கும் நாலு பொட்டாகப் போயிருக்கிறது. அறுத்து எடுத்துத் தீராது என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து நேராகக் கட்டியை அடிக்காதாம். உடம்பில் தூங்குகிற காவல்காரர்களைத் தட்டி எழுப்பி விடுமாம். காவல்காரர்கள் எழுந்து வேலை செய்வதற்கும் வயிற்றுக்குள் குடியிருக்கிற கிருமிகளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று ஒரு ஆராய்ச்சி. அதற்குத்தான் நோட்டு.

அவருக்கே நன்றாக எழுத வரும். தனியார் பஸ்ஸில் முப்பது வருசம் கண்டக்டர். நான் ஐந்தாவது வரைதான். ஆனால் நோயாளி கையில் நோட்டைக் கொடுத்தால் மறைத்து எழுதுவாராம். கூட இருக்கிறவர்கள்தான் மறைக்காமல் எழுதுவார்களாம். நஸீமா சொன்னாள்.

இந்த மனுசனுக்கு மறைக்கத் தெரியுமா என்று யாரும் சந்தேகமே படவேண்டாம்.

ஜூன் 13, வியாழன்

காலையில் மூன்று இட்லி. மதியம் அரிசிம்பருப்புச் சோறு, நெய். இரவு இரண்டு தோசை. எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, நஸீமா திட்டுவாள்.

'எப்படிப் போனது' என்ற கட்டத்தில்தான் சிக்கல். அதைக் கேட்டுத்தான் எழுத முடியும்.

எங்கள் காங்கேயம் பக்கத்தில் வீட்டுக்காரரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவது. பெயர் சொல்ல மாட்டோம். எழுதினால் தப்பில்லை: சென்னியப்பன். நான் அவரை 'ஏனுங்க' என்று கடைசியாகக் கூப்பிட்டு, வருகிற ஆடியோடு முப்பத்தெட்டு வருசம். பேச்சு இல்லாமல் இல்லை. சோறு ஆச்சு, தண்ணி காஞ்சுருச்சு, மக போன் பண்ணினா, எல்லாம் சொல்வேன். சுவரைப் பார்த்துச் சொல்வேன். இன்றும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "காலையில எப்படிப் போச்சுன்னு எழுதோணுமாமா" என்றேன்.

அவர், "நோட்டுக்குப் பதில் சொல்றதா, காலண்டருக்கா?" என்று கேட்டார்.

எழுந்துபோய் மாட்டுத் தாளியில் தண்ணீர் ஊற்றினேன். மாடு விற்று ஆறு வருசம் ஆகிறது.

ஜூன் 14, வெள்ளி

கெட்டி.

ஜூன் 20, வியாழன்

நஸீமா எழுதிக் கொடுத்த பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கம்பு, ராகி, கொள்ளு, தட்டப்பயிறு, கீரை, வாழைத்தண்டு, கொய்யா. நார் இருக்கிற சாப்பாடு நல்ல கிருமிகளுக்குத் தீனியாம். நாம் சாப்பிட்டு மீந்ததை அவை சாப்பிடுமாம். இத்தனை நாள் இவருக்கு மட்டும்தான் வடித்துக் கொட்டினேன். இனி இவர் வயிற்றில் இருக்கிற கோடிப் பேருக்கும் சேர்த்து நானே வடிக்க வேண்டும்.

"கம்மஞ்சோறு நெஞ்சுல நிக்குது" என்றார்.

"இது வாய்க்கில்ல, வயித்துக்கு" என்று அம்மிக்கல்லிடம் சொன்னேன்.

முழுவதும் சாப்பிட்டார். எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது. கழுத்துச் சங்கிலி தொளதொளவென்று ஆடுகிறது. பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, கழற்றி வைக்கச் சொன்னேன்.

ஜூலை 3, புதன்

இரண்டாவது ஏற்று. இன்று ஒரு கூத்து.

காலையில் போனதை ஒரு சின்ன டப்பாவில், மூடியோடு ஒட்டியிருக்கிற நீலக் கரண்டியால் எடுத்து, ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதைப் பரிசோதனைக்கூடத்தில் பார்த்து உள்ளே எத்தனை வகைக் கிருமி என்று எண்ணுவார்களாம். எண்ணிச் சொல்ல மாதக் கணக்கில் ஆகுமாம்.

பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு ஏழேகால் வண்டியில் உட்கார்ந்தேன். பல்லடத்தில் ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுங்களா?"

முன் சீட்டிலிருந்து அவர் திரும்பினார். "இல்லீங்க. சொந்தத் தயாரிப்பு."

"ஐஸ்கிரீமுங்களா?"

"அப்பிடித்தான் வெச்சுக்குங்க. கோயமுத்தூருல இதுக்கு நெம்பக் கிராக்கி."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். சிரிக்கவில்லை. தூசி.

நஸீமா இன்று படம் போட்டு விளக்கினாள். குடலுக்குள் நல்லதும் கெட்டதுமாகக் கோடி கோடிக் கிருமிகள். நல்லதுகள் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தால் கெட்டதுகளுக்கு இடம் கிடைக்காது. காவல்காரர்களுக்கு யார் எவர் என்று ஆள் அடையாளம் காட்டிப் பழக்குவதிலும் நல்லதுகளுக்குப் பங்கு உண்டாம்.

"அப்பிடீன்னா டெய்லி டிக்கெட்டு ஆளுக" என்றார் இவர். "தெனம் வர்றவங்க சீட்டுல உக்காந்துட்டா, திருட்டுப் பய ஏறுனாலும் நிக்கக்கூட எடம் இருக்காது. கண்டக்டருக்கும் பழகுன மொகம் எது, புது மொகம் எதுன்னு தெரிஞ்சுபோகும்."

"சூப்பருங்க ஐயா! இனி எல்லாருக்கும் இதையே சொல்லப்போறேன்" என்றாள் நஸீமா. "ஆனா ஒண்ணு. இப்படித்தான்னு நாங்க இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதைப் பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. பாட்டி என்று சொன்னதைப் பாதி மன்னித்தேன். பாதிதான்.

ஜூலை 9, செவ்வாய்

நன்றாக. கொய்யா இரண்டு.

ஜூலை 17, புதன்

மகள் சாந்தாமணியின் பிறந்தநாள். ஆடி ஒன்றாம் தேதி பிறந்தவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கேக் வாங்கி வந்தாள், வலது பக்கத்தில் எழுதிவிட்டேன், ஒரு துண்டு.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இன்னுமாச்சும் அப்பாகிட்ட மொகம் பாத்துப் பேசக்கூடாதா? அவரு எத்தன நாளு..." என்று சொல்லி நிறுத்தினாள்.

"எத்தன நாளுன்னு யாரும் சொல்லலியே" என்றேன்.

"சொல்லலைன்னாலும்."

"பஸ்ஸு வந்துரும், போ."

ஜூலை 24, புதன்

மூன்றாவது ஏற்று. பக்கத்து நாற்காலி காலி. போன இரண்டு தடவையும் ராசிபுரத்துக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்து இவரோடு பஸ் ரூட் பேசிக்கொண்டிருந்தார். இவரை மாதிரியே நோய், இவரை மாதிரியே மருந்து. வயிற்றுப்போக்கு என்று போன வாரம் வந்தவரை உள்ளே படுக்க வைத்தார்களாம். எங்கே என்று நர்ஸைக் கேட்டேன். அவள் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரைப் பார்த்துப் பேசுகிற எனக்கு அது என்ன பதில் என்று தெரியும்.

ஜூலை 28, ஞாயிறு

நேற்று இரவிலிருந்து தண்ணீராகப் போகிறது. காலைக்குள் ஐந்து முறை. உடம்பு சுடுகிறது. காய்ச்சல் குச்சியில் நூறு.

நோட்டின் பின் அட்டையில் ஒரு போன் நம்பர் இருக்கிறது. ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் வரச் சொல்வார்கள். வந்தால் படு என்பார்கள். அந்தக் காலி நாற்காலி கண்ணுக்கு முன்னால் நின்றது.

வைத்துவிட்டேன்.

பால்கோவா டப்பாவில் மீந்த மாத்திரைகளைப் போட்டு வைத்திருப்பேன். யார் வீட்டில் இல்லை? போன வருசம் என் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியபோது டாக்டர் கொடுத்த சிவப்பு மஞ்சள் குப்பி மாத்திரை ஆறு கிடந்தது. சீழைக் கொல்கிற மாத்திரை வயிற்றுப்போக்கையும் கொல்லும். சாந்தாமணிக்கு ஏழு வயதில் இப்படித்தான் நின்றது. ஒன்றை எடுத்து, தண்ணீர்ச் சொம்போடு நீட்டினேன்.

"என்னது?" என்று கேட்டார்.

"வயித்துக்கு."

"அந்தப் புள்ளைகிட்டக் கேட்டியா?"

நான் டப்பாவை மூடினேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாயில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி இன்னொன்று.

ஜூலை 29, திங்கள்

என் ஆத்தாள் செத்த நாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, ஆடி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. சாந்தாமணி பிறந்து பன்னிரண்டு நாள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போயிருந்தது, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் ஊருக்கு ஊர் சேதி போவது பஸ்ஸில்தான். கல்யாணமோ சாவோ, கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் வழியில் இருக்கிற சொந்தத்துக்கெல்லாம் சேர்ந்துவிடும். எங்கள் ஊர் முத்தூர் ரோட்டில். என் அண்ணன் பன்னிரண்டு மணி வண்டியை மறித்து, ஏறி, சேதியைச் சொன்னான். யாரிடம்? கண்டக்டரிடம். கண்டக்டர் யார்? என் வீட்டுக்காரர். ஊரார் சாவையெல்லாம் ஒரு நிமிசம் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனவர், என் ஆத்தாள் சேதியை மட்டும் தோல்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். மறுநாள் சாயந்திரம் வந்து சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் பாடைக்குத் தோள் கொடுத்தார் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான். கொடுக்கட்டும். நான் முகம் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வருசா வருசம் இந்தத் தேதியில் இவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைப்பேன். முப்பத்தேழு வருசம். ஒரு வருசமும் ஏன் என்று கேட்டதில்லை. உப்பும் எடுத்துப் போட்டுக்கொண்டதில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்து போவார்.

இன்று அரிசிக்கஞ்சி. உப்புப் போட்டேன். வயிற்றுப்போக்குக்கு உப்பு வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார். காய்ச்சல் கண்.

ஜூலை 30, செவ்வாய்

ஆறு மாத்திரையும் தீர்ந்தது. காய்ச்சல் இல்லை. ஒரு முறைதான் போனார். பார்த்தீர்களா என்று ஆஸ்பத்திரியையே கேட்க வேண்டும்போல் இருந்தது.

வலது பக்கத்தில் மூன்று நாளுக்கும் கஞ்சி, எத்தனை முறை, எவ்வளவு காய்ச்சல் எல்லாம் எழுதியிருக்கிறேன். மாத்திரைக் கட்டத்தை விட்டுவிட்டேன். என் காலுக்குக் கொடுத்த மாத்திரைதானே. அதில் என்ன இருக்கிறது எழுத.

ஆகஸ்ட் 14, புதன்

நான்காவது ஏற்று.

நோட்டைப் பார்த்ததும் நஸீமாவின் முகம் மாறிவிட்டது. "அஞ்சு தடவையா? காய்ச்சல் வேறயா? ஏங்கம்மா போன் பண்ணல? இந்த மருந்துல எழுப்பிவிட்ட காவல்காரங்களே சில சமயம் குடலைத் தாக்கிடுவாங்க. அதுக்கு வேற வைத்தியம். விட்டா உயிருக்கே ஆபத்து. ராசிபுரத்து ஐயா அஞ்சு நாள் வீட்லயே வச்சிருந்துட்டுத்தான் வந்தார்." அம்மா என்று மாற்றிக் கூப்பிட்டாள். அதைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். இவருக்கு வந்தது அது இல்லை, சாதாரணப் போக்குதான் என்று மதியம் சொன்னார்கள்.

பிறகு நஸீமா ஒரு தாளை எடுத்தாள். "இந்த மூணு வாரத்துல ஆன்டிபயாட்டிக் ஏதாவது எடுத்தாரா? சீழுக்கு, புண்ணுக்கு, சளிக்குன்னு கொடுப்பாங்களே, குப்பி மாத்திரை?"

"எதுக்குங்க கேக்கறீங்க?" என்றேன்.

"அது கெட்டது நல்லதுன்னு பார்க்காதும்மா. ஐயா பாஷையில சொன்னா, வண்டியை நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டுடும். மறுபடி ஆள் ஏற வாரக் கணக்காகும், சிலருக்கு மாசக் கணக்காகும். இந்த மருந்து ஏத்துற சமயத்துல அதை எடுத்தவங்க பல பேருக்கு மருந்து சரியா வேலை செய்யலைன்னு பார்த்திருக்காங்க. அதனாலதானா, இல்ல அவங்க ஏற்கனவே ரொம்ப முடியாம இருந்ததனாலயான்னு தெரியல. டாக்டர் அவசியம்னா கொடுப்பார், அது வேற. அவங்களா எடுத்தாங்களான்னுதான் கேக்கறேன்."

ஆறு மாத்திரை. மூன்று நாள். ஐந்து வாரமாகக் கம்பும் கொள்ளும் போட்டுச் சீட்டுப் பிடித்து உட்கார வைத்த அத்தனை பேரையும் நானே இறக்கிவிட்டேன்.

"இல்லீங்க" என்றேன்.

தாளில் கையெழுத்துப் போடச் சொன்னாள். தெய்வாத்தாள் என்று போட்டேன். பக்கத்தில்தான் இவர் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், "சன்னல் பக்கம் நீ உக்காரு" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, சனி

காலை ராகிக் களி, கீரை. மதியம் கம்மஞ்சோறு, கொள்ளு ரசம், வாழைத்தண்டுப் பொரியல். சாயந்திரம் தட்டப்பயிறு, கொய்யா. இரவு பச்சைப்பயறுக் கடைசல்.

"வண்டியில இத்தன பேரு ஏறுனா டயரு வெடிச்சுரும் புள்ள" என்றார்.

அடுப்படிக்குப் போய்விட்டேன். வெங்காயம் நறுக்கினேன், வேண்டாத வெங்காயம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாடிப்படி ஏறும்போது இருமினார். மூன்று முறை. முன்பு இருந்த இருமலா, புதிய இருமலா? எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை ஸ்கேன். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். வேலை செய்யவில்லை என்றால் நிறுத்திவிடுவார்களாம். வேறு மருந்து பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது பேனா மூடியை மூடி மூடித் திறந்தார்.

போனில் நஸீமாவைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், "கொள்ள ஊற வெச்சுக் கொடுக்கறதா, வறுத்துக் கொடுக்கறதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அவர் தூங்கும்போது மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகல் தூக்கம். வாய் திறந்திருந்தது. நாற்பது வருசத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் மீசைக்குக் கீழே ஒரு மரு இருப்பதை இன்றுதான் பார்த்தேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான்.

நான் சொல்லாமல் இருப்பது அவருக்காகத்தான். சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பயந்துவிடுவார். அவர் நல்லதுக்குத்தான்.

இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இதே மாதிரி ஒரு நியாயத்தை நான் முப்பத்தெட்டு வருசமாகக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

கை ஓயும்வரை எழுதுகிறேன்.

காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு மதியம் என்று சொல்லி வெளியே உட்கார வைத்தார்கள். நஸீமா வந்து நோட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுக்குமுன் ஒரு தடவை புரட்டினேன். ஜூலை இருபத்தெட்டு, வலது பக்கம். நான் காலியாக விட்ட மாத்திரைக் கட்டத்தில் எழுத்து இருந்தது. பொடிப் பொடியாக, சாய்வாக. பஸ்ஸில் முப்பது வருசம் டிரிப் ஷீட் எழுதின கை. எனக்குத் தெரியாதா அந்த எழுத்து.

'டப்பாவில் கிடந்த சிவப்பு மஞ்சள் மாத்திரை ஆறு. மூன்று நாள். நானாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டில் அவளுக்குத் தெரியாது.'

திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சுவரைப் பார்க்கிற முறை அவருக்கு.

மறுபடியும். எனக்குச் சொல்லாமல், என்னைக் கேட்காமல், என் பாரத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டு வருசமாகியும் திருந்தவில்லை.

"பேனாக் குடு கண்ணு" என்று நஸீமாவிடம் வாங்கினேன். அவர் எழுதியதன் குறுக்கே கோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'பொய். நான் கொடுத்தேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்தே கேட்காமல் கொடுத்தேன். அவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. தாளில் இல்லை என்று கையெழுத்துப் போட்டதும் பொய். தெய்வாத்தாள்.' வாயாலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், காலி நாற்காலியைப் பார்த்துப் பயந்ததைக்கூட.

நஸீமா திட்டினாள். நன்றாகத் திட்டினாள். "நீங்க எழுதுறதை நம்பித்தான்மா அடுத்து வர்றவங்களுக்கு நாங்க வழி சொல்லப்போறோம்" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எடுத்ததை எடுத்தேன்னு எழுதினா அதுவும் எங்களுக்கு உதவும். மறைச்சாத்தான் கெடுதல். ஐயாவை ஆராய்ச்சியை விட்டு எடுக்க மாட்டோம்."

"அந்த ஆறு மாத்திரையால அவருக்கு..." என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. உங்களுக்குச் சமாதானமா இருக்கட்டும்னு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லலாம். ஆனா எனக்குத் தெரியாது."

பாட்டி என்று சொன்னதன் மீதிப் பாதியையும் அங்கேயே மன்னித்துவிட்டேன்.

ரெண்டே முக்காலுக்கு டாக்டர் கூப்பிட்டார். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரலில் நாலு பொட்டில் ஒன்று தெரியவில்லை. மற்ற மூன்றும் அப்படியே. சிறுநீரகத்துக் கட்டி அப்படியே. "குறையலைன்னு வருத்தப்படாதீங்க. வளரலை. இப்போதைக்கு அது நல்ல சேதி. மருந்தைத் தொடருவோம்."

சேதி என்று சொன்னதும் இவர் என்னைப் பார்த்தார்.

நாலு மணி வண்டி. ஜன்னல் பக்கம் நான். சூலூர் தாண்டியது. அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பார்த்தே சொன்னார்.

"அன்னைக்கு டாக்டரம்மா சொன்னாங்க. இவள எந்திரிச்சு நடக்க உட்டா, இந்தக் கொழந்தைக்கு ஆத்தா இருக்கமாட்டான்னு. அதான்..."

தெரியும். அந்த வாரமே பிரசவ ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள். எனக்கு முப்பத்தெட்டு வருசமாகத் தெரியும். இதை எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

"என்னைக் கேட்டிருக்கோணும்" என்றேன். "கேட்டிருந்தா நானே போகலைன்னு சொல்லியிருப்பேன். கொழந்தைய மடியில போட்டுட்டு, அழுதுட்டே சொல்லியிருப்பேன். அந்த அழுகைய அழ உடாம பண்ணிப்போட்டது."

நீங்கள் என்று வரவில்லை. 'பண்ணிப்போட்டது' என்றுதான் வந்தது.

அவர் கம்பியைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தின இடம் நீலமாக இருந்தது.

"தப்புத்தான்" என்றார். "கேட்டிருக்கோணும்."

பல்லடம் வந்தது. ஆள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அழுதேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அதற்கு வசதி. அவர் பாட்டுக்குத் தோள் துண்டை எடுத்து என் மடியில் வைத்தார், யாருக்கோ வைப்பதுபோல.

செப்டம்பர் 5, வியாழன்

புது நோட்டு. எண் அதே 41.

காலை ஆறே கால். அவர் பின்பக்கத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம், மூன்றாவது கட்டம். காலண்டர் அதே இடத்தில்தான் தொங்கியது.

"ஏனுங்க" என்றேன். தொண்டை கரகரத்தது. துரு. "காலையில எப்படிங்க போச்சு?"

அவர் அங்கேயே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னது?" என்றார். "எனக்குக் காது செரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லு."

காது நன்றாகத்தான் கேட்கும். தெருமுனையில் பஸ் திரும்பினால் எந்த வண்டி என்று சொல்கிற காது. யார் ஏய்த்தாலும் மறக்காதவள் நான்.

இன்னொரு முறை சொன்னேன்.

வலது பக்கம் எழுதியது: நன்றாக.